நீ கழுவிவிட்ட டிரம்

மச்சி,

இன்று காலை அடையாறில் உள்ள எங்கள் ஆய்வகத்து டிரம்மின் மூடியைத் திறந்தேன். அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று அடித்தது. அது வந்தால் உள்ளே பாக்டீரியா ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். கூட இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் அழுதுவிட்டேன்.

ஒரே பெஞ்சில் படித்த உரிமையில்தான் இப்படியொரு டிரம்மை ராயப்பேட்டையில் உன் முலாம் பட்டறைக்குள் கொண்டுவந்து வைத்தேன். நைட்ரேட்டும் குரோமியமும் கலந்த உன் கழிவுநீர் அதுவரை நேராகச் சாக்கடைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆற்றுச் சேற்றிலிருந்த பாக்டீரியாவை ஜல்லியில் வளரவிட்டு, சுண்ணாம்பு போட்டு அமிலத்தை முறித்த தண்ணீரை மேலே ஊற்றினோம். காற்றில்லாத இடத்தில் அவை நைட்ரேட்டைத்தான் சுவாசிக்கும், அது தீர்ந்ததும் முட்டை நாற்றம் வரும், உலோகத்தை அடியில் படியவைக்கும், சாப்பாட்டுக்கு வெல்லத் தண்ணீர் போதும் என்று விளக்கினேன். "இன்னாடா, அதுங்களுக்கு வெல்லம், எனக்கு ஒரு டீ கூட கிடையாதா?" என்றாய்.

மூன்று மாதத்தில் தண்ணீர் தேறியது. ரம்ஜானுக்கு முன் பட்டறையைச் சுத்தம் செய்தபோது, ஜல்லியில் படிந்திருந்த கறுப்பு வழவழப்பைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்துத் தேய்த்து எடுத்துவிட்டாய். பாக்டீரியா மொத்தமும் அதில்தான் இருந்தது. துளி பிசுக்கு இருந்தாலும் முலாம் ஒட்டாத தொழில் உன்னுடையது, வேறெப்படிச் செய்வாய்? பளிச்சென்ற ஜல்லியைப் பெருமையாக நீட்டினாய். நான் உன் ஆட்கள் முன்னால் உன்னை முட்டாள் என்றேன்.

அதன் பிறகு நீ மூன்று முறை போன் செய்தாய். எடுக்கவில்லை. என் வீம்பு அப்படி. நான்காவது முறை எடுத்தபோது பேசியது உன் மனைவி. நுரையீரல் புற்று, முற்றிய பிறகுதான் தெரிந்தது, விடியற்காலையில் போய்விட்டார் என்றார்.

சில நாள் கழித்து அவர்தான் என்னைப் பட்டறைக்கு அழைத்துப்போனார். டிரம் மூடியிருந்தது; திறந்ததும் அதே முட்டை நாற்றம். "ஆத்துப் பாலத்தாண்ட போயி அவரே சேறு அள்ளிக்கினு வந்தாருண்ணே. மூச்சு வாங்குது, வேணாம்னு சொன்னேன். 'தண்ணி சரியாச்சுன்னா அவன் வந்து பாப்பான், அப்பால பேசிடுவான்'னாரு."

அந்தத் தண்ணீரைச் சோதித்தேன். சரியாகத்தான் இருந்தது, மச்சி.

வாராவாரம் உன் கழிவுநீரை அளந்தவன் நான். முலாம் தொட்டியின் குரோமிய ஆவிக்கு மேல் நாளெல்லாம் குனிந்து நின்ற உன்னிடம், உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்கவில்லை. இப்போது எந்தப் பட்டறைக்குப் போனாலும் முதலில் ஆட்களை விசாரிக்கிறேன். தண்ணீரை அப்புறம்தான் பார்க்கிறேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.