பிஸ்கட் டப்பாவில் போன மண்

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். என் முழங்கால் மட்டும் அதன் பாட்டுக்கு முனகிக்கொண்டிருக்கிறது. போனில் பிடித்தால் "மீட்டிங்ல இருக்கேன்க்கா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கீரைப் பைக்குள்ளேயே கடிதத்தை வைத்துப் பால் வண்டியில் அனுப்புகிறேன்.

நகரத்துச் சாக்கடை நீரை உங்கள் நிலையத்தில் சுத்தம் செய்து வயலுக்குக் குழாயில் விட்டு நாலு வருடம் ஆகிறது. நீ சொன்னாய் என்று அந்தத் தண்ணீரை முதலில் நான் வாங்கினேன். என்னைப் பார்த்துப் பக்கத்துப் பத்து வயல்காரர்களும் வாங்கினார்கள். உங்கள் நோட்டீசில் "பயனாளி எண் 1" என்று என்னைப் போட்டிருப்பதை இன்னும் பம்பு அறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். சிரிக்காதே.

உன் மகளுக்கு ஏழாம் மாதம் அல்லவா? அவளுக்கென்று இளசாகப் பார்த்துத் தனிக்கட்டு கட்டியிருக்கிறேன்.

ஜனவரியில் ரோஜாத் தொட்டிக்கு என்று என் வயல் மண்ணைப் பிஸ்கட் டப்பாவில் அள்ளிப் போனாயே, பூத்ததா? ஒரு டப்பா மண்ணுக்கு நாலு மூலையிலும் நடுவிலும் தோண்டினாய். ரோஜாவுக்கு இத்தனை உபசாரமா என்று இங்கே எல்லோரும் சிரித்தோம்.

உன் அக்கா


மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

கீரை வந்தது. மகள் விரும்பிச் சாப்பிட்டாள். ரோஜாவில் இரண்டு மொட்டு விட்டிருக்கிறது.

ஆய்வகத்தில் ஆள் குறைவு. எல்லா அறிக்கையிலும் நான் ஒருவனே கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது. முழங்காலை டாக்டரிடம் காட்டு. இனி இவ்வளவு கீரை அனுப்பாதே, வீணாகிறது.

உன் தம்பி


மார்ச் 14

தம்பிக்கு,

"அன்புள்ள" என்று எழுதக் கை வரவில்லை.

நீ சொன்னபடி நேற்று டாக்டரைப் பார்க்க நகரத்துக்கு வந்தேன். அப்படியே உன் வீட்டுக்கும் போனேன். நீ வேலைக்குப் போயிருந்தாய். கீழே காவலாளியின் சைக்கிளில் ஒரு துணிப்பை தொங்கியது. நான் தைத்த பை எனக்குத் தெரியாதா? கேட்டேன். ஜனவரிக் கடைசியிலிருந்து உன் வீட்டுக் கீரை அவருக்குத்தான் வருகிறதாம். வீட்டில் மூன்று பிள்ளைகள். "உங்க புண்ணியத்துல வாரத்துல ரெண்டு நாள் கீரைம்மா" என்று கும்பிட்டார்.

மேலே போனால் உன் மகள் வெள்ளந்தியாகச் சொல்கிறாள்: "வயித்துல புள்ள இருக்கும்போது உங்க வயல் கீரை வேண்டாம்னு அப்பா சொன்னாரே அத்தை. உங்ககிட்டயும் சொல்லியிருப்பாருன்னுல்ல நெனச்சேன்."

பால்கனியில் போய்ப் பார்த்தேன். ரோஜாவும் இல்லை, தொட்டியும் இல்லை.

என் மண்ணில் என்ன இருக்கிறது? எழுது.

அக்கா


மார்ச் 19

அக்காவுக்கு,

உன் கோபம் நியாயம்தான். சொல்கிறேன்.

மனிதர்கள் விழுங்கும் மாத்திரை உடம்போடு தீர்ந்துவிடுவதில்லை. மிச்சம் கழிவறை வழியாக எங்களிடம் வருகிறது. எங்கள் தொட்டிகள் நாற்றத்தை எடுக்கும், கிருமியைப் பெரும்பாலும் எடுக்கும். சில மருந்துகளை எடுக்காது. நான் நிரப்பும் சோதனைப் படிவத்தில் மருந்துக்குக் கட்டமே கிடையாது. கட்டம் இல்லாததை நாங்கள் சோதிப்பதில்லை.

சந்தேகப்பட்டுத்தான் உன் மண்ணை என் சொந்தப் பொறுப்பில் வெளி ஆய்வகத்துக்கு அனுப்பினேன். வலிப்பு மாத்திரையில் இருக்கும் மருந்தும் வலி மாத்திரையில் இருப்பதும் மண்ணில் இருக்கின்றன. வலிப்பு மருந்து கீரை இலைக்கு ஏறக்கூடியது. அளவு மிக மிகக் குறைவு. அதனால் கெடுதல் உண்டு என்றோ இல்லை என்றோ உறுதியாகச் சொல்ல முடியாது. மேலதிகாரியிடம் காட்டினேன். "படிவத்துல இல்லாததை உங்களை யாரு தேடச் சொன்னது?" என்றார்.

ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறது அக்கா. நீ கீரையை விட்டுவிட்டுப் பூச்செடி போடு. மற்றவர்களிடம் வாய் திறக்காதே. படித்ததும் இதைக் கிழித்துவிடு.

தம்பி


மார்ச் 27

ஆய்வக அலுவலருக்கு,

கிழிக்கவில்லை.

உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறீர்கள். உங்கள் மகளிடம் மட்டும் எப்படிச் சொல்ல முடிந்தது? அவளிடம் சொன்னதைக் குறை சொல்லமாட்டேன். அப்பன் செய்ய வேண்டியது அது. ஆனால் அதே கையால் அந்தப் பையைக் காவலாளியிடம் நீட்டினீர்களே. அவர் பிள்ளைகளுக்கு எந்தப் படிவத்தில் கட்டம் இருந்தது? அவருக்கு நானே போன் செய்து சொல்லிவிட்டேன். "சார் நல்ல மனுசன்னு நெனச்சேன்மா" என்றார்.

நேற்றுக் காலை பத்து வயல்காரர்களையும் பம்பு அறைக்குக் கூப்பிட்டு உங்கள் கடிதத்தை முழுவதும் படித்தேன். "வாய் திறக்காதே" என்ற வரியையும் விடவில்லை. மேலதிகாரி கேட்டால் அக்கா படித்துவிட்டாள் என்று சொல்லிக்கொள்ளலாம். கடைசி வயல்காரர் கேட்டார்: "நீங்க வாங்கினீங்கன்னுதானக்கா நாங்களும் வாங்கினோம்?" ஆமா என்றேன்.

பதினொரு வால்வையும் மூடிவிட்டோம். முதலில் திறந்தது நான் என்பதால் முதலில் மூடியதும் நான்தான். இனி மழை பெய்தால் விளைச்சல், இல்லையென்றால் தரிசு. கீரையைப் பிடுங்கி வரப்பில் குவித்திருக்கிறேன். திரும்ப மண்ணுக்குள் உழ மனம் வரவில்லை. எங்கே கொட்டுவது என்றும் தெரியவில்லை. உங்கள் படிவத்தில் அதற்கு ஏதாவது கட்டம் இருந்தால் தெரிவிக்கவும்.

குழந்தை பிறந்ததும் உன் மகள் என்னிடம் சொல்வாள். வருவேன். நீ வேலையில் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்து போவேன்.

பிஸ்கட் டப்பாவைப் பால் வண்டியில் அனுப்பிவிடவும். மண் மிச்சம் இருந்தால் அதோடு.

இப்படிக்கு,
பயனாளி எண் 1