வெருகனுக்கு மீன் ஊட்ட இட்ட ஆணை

நலம் பெருகுக. குவளைநாடு உடைய, கருங்கல் கணவாய் காத்து நிற்கும் கோ வயமான் தேவர் திருவாய் மொழிந்தபடி, அவர்தம் ஓலைநாயகம் மழவன் சாத்தன் பாசறையிலிருந்து எழுதியது. அல்லியூர் அரண்மனைக் கண்காணி பெருநம்பியார் எழுந்து நின்று கண்டு, தலைமேல் கொள்க. உம் ஊர்க் கிணறுகள் வற்றாதிருக்க.

நீர் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. மறைந்த இளவரசியார் அல்லியங்கோதையின் பூனை வெருகன், அவர் பிரிவு தாங்காமல் உண்ணாநோன்பு பூண்டு வடக்கு நோக்கி அமர்ந்துவிட்டது என்றும், அந்நோன்பை எவரும் கலைக்காதபடி அதைப் பட்டுக்கயிற்றால் பிணித்துப் பந்தலிட்டுக் காவலும் வைத்திருப்பதாகவும், ஊரார் பூத்தூவி வணங்குவதாகவும், அது உயிர் நீத்ததும் நடுகல் எடுக்க மன்னர் இசைவு வேண்டும் என்றும் எழுதியிருந்தீர். அவைப்புலவர் பாடிய பாட்டையும் சேர்த்துக் கட்டியிருந்தீர். பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது. பாடியவர் வயிறு நிறையக் கூழ் குடித்துவிட்டுத்தான் பாடியிருப்பார்.

மகளார் மறைந்த செய்தி வந்த அன்று படையின் முன்னே கலங்காது நின்ற மன்னர், இதைக் கேட்டதும் கூடாரக் கம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். அது நோன்பும் அன்று, ஒன்றும் அன்று, வெறும் பசி என்று கூறியருளினார். வடக்கே மீனவர் வாயில் இருக்கிறது. காலைதோறும் அங்கேதான் குழந்தை கெண்டை வாங்கி, முள் நீக்கி, தன் கையால் அதற்கு ஊட்டுவாள். அவள் நோயில் விழுந்தபின் மன்னரே ஊட்டினார். படை புறப்பட்ட அன்று தந்தையின் விரலை விடாமல், "நீங்களும் போய்ட்டா அதுக்கு யாருப்பா சோறு வைப்பா?" என்று அவள் கேட்டதும், கண்காணியார் வைப்பார் என்று மன்னர் சொன்னதும் நீர் அறிவீர். அருகில்தானே நின்றீர்.

துக்கம் நேர்ந்த வீட்டில், தந்தை நீர்க்கடன் ஆற்றும்வரை மீனும் ஊனும் பாலும் வாயில் கடக்கலாகாது என்னும் முறையை நீர் வழுவாது காத்தீர். அதில் குற்றம் சொல்வதற்கில்லை. உப்பில்லாக் கூழைப் பூனையின் முன் வைத்து, அது முகம் திருப்பிக்கொண்டதைத் துறவு என்று எண்ணிவிட்டீர். பூனைக்கு மட்டும் முறையைத் தளர்த்தலாம் என்று படைத்தலைவர் விண்ணப்பித்தார். ஊருக்கெல்லாம் ஒரு முறை, தம் வீட்டுப் பூனைக்கு வேறொரு முறையா என்று மன்னர் மறுத்துவிட்டார்.

அந்த நீர்க்கடனையோ அவர் தள்ளிப்போட்டே வந்தார். போர் முடியட்டும் என்றார். மழை ஓயட்டும் என்றார். நீர் இறைத்துவிட்டால் குழந்தை போனது போனதுதான் என்று ஆகிவிடும்; அதற்கு அவருக்கு மனம் வரவில்லை. உடனிருந்த எங்களுக்கும் அவரை வற்புறுத்த வாய் வரவில்லை.

ஆகையால் இதனால் ஆணை. ஓலை கண்டவுடன் கயிற்றை அவிழ்க்க, காவலை நீக்க. வடக்கு வாயிலைத் திறந்து, கெண்டை வாங்கி, முள் நீக்கி, காய்ந்த வயிறு ஆகையால் சிறுகச் சிறுக, உம் கையாலேயே ஊட்டுக. அதற்குள் உயிர் போயிருந்தால் குழந்தையின் அருகே புதைக்க. நடுகல் வேண்டா, பசியால் செத்ததை நோன்பால் செத்தது என்று கல்லில் வெட்டலாகாது.

முறை தடுக்குமோ என்று அஞ்ச வேண்டா. இன்று விடியலில் மன்னர் காட்டாற்றில் இறங்கி, மகளின் பெயரை உரக்கச் சொல்லி, நீர் இறைத்துவிட்டார். துக்கம் முடிந்தது, மீன் உள்ளே வரலாம்.

இது கோ வயமான் தேவர் ஆணை. இலச்சினை, கரையேறியதும் அவர் ஈரக்கையால் இட்டது.