ஊர்தி என்ற சொல் செய்த வேலை

அன்பு மகளுக்கு அம்மா சொல்லி எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தங்கை மூவரும் சுகம். நீ சுகம் என்று உன் கையெழுத்தில் படித்தால்தான் எனக்கு மனம் ஆறும். தங்கையின் கையெழுத்தைப் பார்த்ததும் பதறாதே. போன வாரம் மிரண்டுபோன ஒரு நாய் என் வலது மணிக்கட்டைக் கவ்விவிட்டது, தடுப்பூசி போட்டாயிற்று, கட்டுப் பிரிக்க இன்னும் பத்து நாள். நான் சொல்லச் சொல்ல உன் தங்கை, நம் வீட்டு அகராதிதான் எழுதுகிறாள், நடுவே என் பேச்சைத் திருத்தவும் செய்கிறாள்.

கவலை என்னவென்றால், தவிக்கிற பிராணிகளைக் காப்பகங்களுக்குக் கொண்டுசேர்க்க நீ, நான், மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் மூவரும் கையெழுத்துப் போட்டு ஒரு அமைப்பாகப் பதியக் கொடுத்தோமே, அந்த மனு திரும்பிவிட்டது. எல்லாம் பெயரால். உயிர்நேய ஊர்தி என்று அகராதி தேடித் தேடி வைத்தாள், நாமும் தலையாட்டினோம், பெயிண்டர் நம் வேனில் என் போன் எண்ணோடு பெரிதாக எழுதியும் விட்டார். மறுநாளே ஒருவர் போனில் அழுதுகொண்டு, அப்பா தவறிட்டாரு, வண்டி எத்தன மணிக்கு வரும்னு கேட்டார். அமரர் ஊர்தி என்று நினைத்துவிட்டார், பாவம். இது அந்த வண்டி இல்லைங்க என்று சொல்லி, சரியான எண்ணைத் தேடிக் கொடுத்தேன். அப்ப உங்க வண்டியில யாரத்தான் ஏத்துவீங்க என்றார். உசுரோட இருக்கறவங்களத்தாங்க என்றேன். அப்ப நல்லா இருங்க என்று சொல்லி வைத்துவிட்டார். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. பதிவு அலுவலகத்திலும், பொணம் ஏத்தற வண்டியா நாய் ஏத்தற வண்டியா, தெளிவா எழுதிட்டு வாங்கம்மா என்று சொல்லி, வெள்ளிக்கிழமை வரை தவணை கொடுத்திருக்கிறார்கள். நகராட்சிக் கூண்டில் ஏழு நாய்கள் இருக்கின்றன. பதிவுச் சான்று இல்லாமல் நம்மிடம் விட மாட்டார்கள், சனிக்கிழமைக்குப் பிறகு வைத்திருக்கவும் மாட்டார்கள். வைத்திருக்க மாட்டோம் என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும்.

மீட்பு வண்டி என்று வைக்கலாம் என்றார் கம்பவுண்டர். நடுரோட்டுல நின்ன லாரிக்காரனெல்லாம் கயிறு கேட்டுக் கூப்பிடுவான் என்று அப்பா மடக்கிவிட்டார். அடைக்கலம் என்று ஒரு யோசனை வந்தது, அதற்கு நானே ஒப்பவில்லை. அடைக்கலம் கொடுப்பது காப்பகத்தார், நாம் வாசல்வரை கொண்டுபோய் விடுகிறவர்கள்தானே. ஞாயிற்றுக்கிழமை கம்பவுண்டர் வண்டியோட்ட, அகராதியும் நானும் ஒரு நொண்டி நாயோடு பின்னால் உட்கார்ந்து போனோம். அவள் திடீரென்று, அம்மா, கிளம்பிப் பத்து நிமிஷம்கூட ஆகல, அதுக்குள்ள நாப்பது தடவ வந்தாச்சு வந்தாச்சுங்கறீங்க, நாய்கிட்டப் பொய் சொல்லலாமா என்றாள். நான் சொல்வதே எனக்குத் தெரியாது. ஆனால் நான் நிறுத்தியதும் அது முனக ஆரம்பித்தது, சொன்னதும் தலையைக் கீழே வைத்தது. இதாம்மா பேரு என்று முன்னாலிருந்து கம்பவுண்டர் சொன்னார். வந்தாயிற்று என்று எழுதுவதுதான் முறை என்று இவள் இன்னும் வாதாடுகிறாள். நாய்க்கு எழுத்துத் தமிழ் தெரியாதடி என்றேன்.

இதெல்லாம் ஒரு பெயரா என்று அலுவலகத்தில் சிரிப்பார்களோ, மறுபடி திருப்புவார்களோ தெரியவில்லை. இருந்தாலும் வந்தாச்சு என்றே பெயர் போட்டு, ஏற்றுவது பிராணிகளை மட்டும் என்று தெளிவாகப் புது மனு எழுதி, நானும் இடது கையால் ஒரு மாதிரி கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். உன் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. முன்பு போட்டது போலவே போடு, இப்போது புதிதாகப் பழகியிருக்கும் சுழிப்பெல்லாம் வேண்டாம். கிடைத்த அன்றே கூரியரில் அனுப்பு. வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நீடூழி வாழ வேண்டும். பெயர் உனக்குப் பிடிக்காவிட்டாலும் கையெழுத்தைப் போட்டு அனுப்பிவிடு, ஏழும் வண்டியில் ஏறிய பிறகு நாம் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா