அஞ்சாவது மூலை

தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மூலை உள்ளே மடங்கிக்கொண்டு வரமாட்டேன் என்றது. விரலை விட்டுத் தள்ளியபோது உங்கள் ஞாபகம் வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். போன மாதம்வரை ராமநாதபுரம் கடைத்தெருவில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த மனுஷன் எப்படி இல்லாமல் போவார்? எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

நயா பைசா வந்த புதிது. நீங்கள் பையன்கள் பள்ளியில் கணக்கு வாத்தியார், நான் பெண்கள் பள்ளியில். பிள்ளைகளை ராமேஸ்வரம் கடற்கரைக்குக் கூட்டிப்போன இடத்திலும் உங்களுக்கு அதே பேச்சு. ஒரு பந்தைத் துணியால் பல சுற்றாகப் போர்த்துவது. சில புள்ளிகளில் மட்டும் இரண்டிரண்டு சுற்றும் ஒன்றாகிவிடுவது. அந்தப் புள்ளிக்குக் ‘கிளைப்புள்ளி’ என்று நீங்களே பேர் வைத்திருந்தீர்கள். நாலு புள்ளி என்றால் தலையணை உறையின் நாலு மூலை மாதிரி, சுற்றைப் பிரித்தால் துணி தட்டையாக விரியும். அஞ்சாவது மூலை வந்தால்? ஓரமெல்லாம் சுருங்கி நெளிந்த பவளத் துண்டு ஒன்றை மணலிலிருந்து எடுத்து நீட்டினீர்கள்.

“இந்தா, இப்படித்தான் நெளியும். கெட்டுப்போச்சுன்னு நெனக்காதீக. உள்ள இடம் கூடிப்போச்சு, அம்புட்டுதான்.”

நம் சனத்தில் கிளை பார்த்துத்தான் சம்பந்தம். ஒரே கிளை என்றால் அண்ணன் தங்கை முறை. அதனால், கிளை கிளை என்று சத்தமாகச் சொன்னால் பெண் கேட்க வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கப்போகிறார்கள் என்று கிண்டல் செய்தேன். “நெனச்சா நெனச்சுட்டுப் போகட்டும். உங்க கிளை என்ன?” என்றீர்கள். சொன்னேன். நீங்களும் சொன்னீர்கள். வேறு வேறு கிளை. திரும்பும்போது ரயில் பாம்பன் பாலத்தைத் தாண்டியதே எனக்குத் தெரியவில்லை.

முதுகுளத்தூரில் எங்கள் வீட்டுக்குப் பேச வந்தீர்கள். எல்லாம் ஒத்துவந்து, காப்பியும் குடித்தாயிற்று. கடைசியாக என் அய்யா கிளையைக் கேட்டார். நீங்கள் பெருமையாகச் சொன்னதும் உங்கள் சித்தப்பா சிரித்துவிட்டார்.

“ஏலே, அது உங்கப்பன் கிளைடா. கிளை ஆத்தா வழியிலதான வரும்?”

உங்கள் ஆத்தா உங்களைப் பெற்றதோடு போய்ச்சேர்ந்தவர். அப்பன் வீட்டில் வளர்ந்த நீங்கள், அங்கே காதில் விழுந்ததையே உங்களுடையது என்று நினைத்திருந்தீர்கள். சித்தப்பா உங்கள் ஆத்தாவின் கிளையைச் சொன்னார். அது என் கிளை.

அய்யா துண்டை உதறித் தோளில் போட்டார். “அப்ப ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சில்ல.”

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் பேயறைந்த மாதிரி என்னையே பார்த்தீர்கள். ஊருக்கெல்லாம் கிளைப்புள்ளி சொன்ன மனுஷனுக்குச் சொந்தக் கிளை தெரியவில்லை! இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது.

பிறகு நீங்களும் கல்யாணம் செய்துகொண்டீர்கள், நானும்தான். தெருவில் பார்த்தால் தலையசைப்போம். நீங்கள் இருந்தவரை அண்ணே என்று நான் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. வாயில் வரவில்லை.

நெஞ்சுவலியாம், பாடவேளை முடியுமுன்னே முடிந்துவிட்டதாம். விழுந்தடித்து உங்கள் வீட்டுக்கு வந்தேன். வாசலில் ஒரு பெண் மறித்து, “நீங்க என்ன முறை?” என்று கேட்டாள். டீச்சர் என்றால் வாசலோடு நிற்க வேண்டியதுதான்.

“தங்கச்சி” என்றேன்.

கூட்டம் விலகி வழி விட்டது. உங்கள் தலைமாட்டில், உங்கள் மனைவி பக்கத்தில் உட்காரவைத்தார்கள். வாய்க்கரிசி போட்டேன். உங்களை என்னிடமிருந்து பிரித்த அந்த ஒரு சொல்லுக்குள்தான் எனக்கு உட்கார்ந்து அழ இடம் இருந்தது.

பவளத் துண்டு இன்னும் என் டிரங்குப் பெட்டியில்தான் கிடக்கிறது. வாய்க்கரிசி போட்ட அன்றைக்குத்தான் முதல் தடவையாக அண்ணே என்று கூப்பிட்டேன். நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.