வரும்போது இறக்கம்

மாமா,

இன்று காலை கணக்கு டீச்சர் மணி என்ன என்று கேட்டார். உங்கள் வாட்ச்சைப் பார்த்து, "நாலரை, டீச்சர்" என்றேன். பின்வரிசை முழுதும் பையை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டது. உண்மையில் மணி பத்து. இப்போது வகுப்புக்கு வெளியே நின்றபடி இதை எழுதுகிறேன். எல்லாம் உங்களால்தான்.

ஆக்லாந்தில் உங்கள் மகள் செல்வியக்காவுக்குக் குழந்தை பிறந்து ஒரு வருடமாகியும், பேரனைப் பார்க்கப் போகமாட்டேன் என்று பக்கத்து வீட்டில் அடம்பிடித்துக்கொண்டிருந்தீர்கள். காலமெல்லாம் ஏலத்தோட்டத்து ஜீப் ஓட்டிய இடுப்பு. "போறது கூடப் போயிருவேன். திரும்பி வரத் தாங்காதுட்டி. கொச்சி நெடும்பாசேரி ஏர்போட்டுக்கே அஞ்சு மணி நேரம். அதுக்கு அங்கிட்டு எம்புட்டு?"

போனில் தேடிச் சொன்னேன்: கொச்சியிலிருந்து பதினோராயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், நடுவில் சிங்கப்பூரில் மாறி ஏற வேண்டும். அக்கா அனுப்பிய டிக்கெட்டை விரித்தீர்கள். காலை பத்துக்குக் கிளம்பினால் மறுநாள் காலை பத்துக்கு ஆக்லாந்து. திரும்பும்போது காலை ஒன்பதுக்கு ஏறினால் அன்று ராத்திரி எட்டரைக்கே கொச்சி. இரண்டையும் விரலால் மாறி மாறித் தொட்டீர்கள்.

"போக ஒரு நாளு, வர அரை நாளு. ஏட்டி, போறப்ப ஏத்தமோ?"

அந்த ஊர்க் கடிகாரம் நமக்கு ஆறரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, போகவும் வரவும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் ஆகும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

"ஆமா மாமா. வர்றப்ப முழுக்க இறக்கம். பைலட்டு எஞ்சினையே நிறுத்திருவாரு."

முகத்தை நேராக வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு! அன்றைக்கே பெட்டி கட்டினீர்கள். ஏத்தம் எனக்குத்தான் அதிகம் என்று அம்மா தலையில் குட்டினாள்.

ஒரு மாதம் கழித்து ஊர் வந்து சேர்ந்ததும், முதல் வேலையாக என் காதைத் திருகினீர்கள். "இறக்கம்னியே? கிளாஸ்ல தண்ணிய ஊத்தி முன்னால வச்சு, வழியெல்லாம் பாத்தேன். ஒரு பக்கமாச் சாயவே இல்ல."

"தெரிஞ்சும் ஏன் மாமா திட்டல?"

"பய என் மீசையப் பிடிச்சு இழுத்துட்டான்ல. போடி அங்கிட்டு."

அங்கே அக்கா மாற்றிவைத்த நேரத்திலேயே உங்கள் வாட்ச் ஓடியது. திருத்த வந்த என் கையைத் தட்டிவிட்டீர்கள். "பய தூங்குறானா முழிச்சிருக்கானான்னு பாக்க வேணாமா?" அதற்குப் பிறகு ஜீப் எத்தனை மணிக்கு என்று உங்களைக் கேட்டவர்கள் எல்லாம் பஸ்ஸில்தான் போனார்கள்.

நீங்கள் கண்மூடிய மறுநாள் சாயங்காலம்தான் அக்காவால் வந்து சேர முடிந்தது. உங்கள் காலடியில் உட்கார்ந்து, "வர்றப்ப இறக்கம்னு சொன்னீகளேப்பா. எனக்கு மட்டும் ஏன் இம்புட்டு நேரமாச்சு?" என்றாள். ஆக்லாந்துக்குத் திரும்பும்போது உங்கள் வாட்ச்சை என் கையில் கட்டிவிட்டாள்.

போன வாரம் அது நின்றுபோனது. குமுளிக் கடைக்காரர் பேட்டரி மாற்றி, நேரத்தையும் சரியாக வைத்து நீட்டினார். கடைப் படி இறங்கியதும் வாட்ச்சின் பக்கவாட்டுத் திருகை இழுத்து, ஆறரை மணி நேரம் முன்னால் தள்ளினேன்.

டீச்சர் எட்டிப் பார்க்கிறார். மணி ஐந்தேகால், மாமா. பய முழிச்சுத்தான் இருப்பான்.