அண்ணி திருத்திய பிழை

அக்டோபர் 14, செவ்வாய்.

புரோகிராமை நடுவில் நிறுத்தி, வரிவரியாக ஓட்டிப் பார்க்க உதவும் டீபக்கரில் ஒரு பிழை. நிறுத்திய இடத்தில் ஒரு மதிப்பை மாற்றினால், அடுத்த வரிக்குப் போனதும் பழைய மதிப்பே வந்துவிடும். எல்லோருக்கும் பொதுவான டீபக்கர் அது; யார் வேண்டுமானாலும் பிழையைத் திருத்தி, தங்கள் பெயர் போட்டு, அதை உருவாக்கியவர்களுக்கு அனுப்பலாம். வாரக்கணக்கில் நான் அதோடு மல்லாடிக்கொண்டிருந்தேன். இன்று காலை, தலைக்குக் குளித்துத் துண்டு கட்டியபடி அண்ணி என் பின்னால் வந்து நின்றாள்.

"கவி, நீ மாத்துனப்புறம் அது பழைய நகலையே திரும்ப எடுத்துகினு வருது, பாரு."

மத்தியானத்துக்குள் திருத்திவிட்டாள். "உன் பேரையும் போடட்டா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

அம்மா உடனே மணலிச் சித்திக்கு போன் போட்டு, "என் மருமவளுக்கு இன்னா மூளை கீது தெரியுமா!" என்றாள். இத்தனை வருஷமாக என்னைப் பற்றித்தான் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அனுப்புவதற்கு முன் ஒருமுறை ஓட்டிப் பார்த்துச் சொல்லும்படி அண்ணி கேட்டிருந்தாள். எங்காவது சொதப்பாதா என்ற ஆசையில்தான் சாயங்காலம் முழுக்க ஓட்டினேன். ஓர் இடத்திலும் சொதப்பவில்லை. நாலே வரி, அவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாள்.

சற்று முன் கதவருகே வந்து, "இன்னா கவி, ஓடுதா?" என்றாள்.

இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.