காகத்தின் பங்கு

3 மார்ச் 1996, ஞாயிறு

றெக்ஸ் இன்றைக்கும் சத்தி எடுத்தான். நுரையும், அதற்குள் கோப்பித்தூள் போலக் கறுப்பாக ஏதோவும். சோபனா வருவதற்குள் துடைத்துவிட்டேன். துடைத்திருக்கக் கூடாதாம், வைத்தியருக்குக் காட்ட வேண்டுமாம். என் மகள் எனக்குச் சொல்லித்தருகிறாள்.

நூலகத்தில் எடுத்த நாய் வைத்தியப் புத்தகத்தை அகராதியோடு இரண்டு தரம் வாசித்துவிட்டேன். ஈரலில்தான் பிழை. ஊரில் வோட்டர் பம்ப் திருத்தப் பழகியதும் இப்படித்தான். எவரும் கையைப் பிடித்துக் காட்டவில்லை. சொன்னால் மருமகன் வசீகரன் சிரிக்கிறார்.

"மாமா, நாய்க்குக் கார்புரேற்றர் இல்லை."

எஞ்சினியர். சிரிக்கலாம்.

5 மார்ச்

லின்ஃபீல்ட் மிருக வைத்தியரிடம் போனோம். சின்னப் பெண். இரத்தம் எடுத்தாள், எக்ஸ்ரே எடுத்தாள். ஈரல் நல்லாயிருக்கிறதாம். எக்ஸ்ரேயில் வயிற்றுக்குள் ஒன்றும் தெரியவில்லையாம். எலும்பு தெரியும், இரும்பு தெரியும், வயிற்றின் உட்சுவர் தெரியாது என்றாள். அதைப் பார்க்க வேண்டுமானால் எண்டோஸ்கோப்பி செய்ய வேண்டும். கிளென்ஃபீல்டில் ஒரு பெரிய வைத்தியசாலையில் அந்தக் கருவி இருக்கிறது. மயக்கிவிட்டு, வாய் வழியாக வளையக்கூடிய குழாய் ஒன்றை விட்டு உள்ளே பார்ப்பார்கள்.

"வெட்டுவீர்களா?" என்று ஆங்கிலத்தில் நானே கேட்டேன்.

"இல்லை. ஒரு தையல்கூட இல்லை."

நம்பவில்லை. காட்டாமல் சொல்லுகிற எதையும் நான் நம்புகிறவனல்ல.

6 மார்ச்

சோபனா நாள் எடுத்துவிட்டாள். வருகிற புதன், பதின்மூன்றாம் திகதி. பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். மாசித் தேய்பிறை அட்டமி. பத்மாவதியின் திவசம்.

"பிள்ளை, அண்டைக்கு அம்மாவின்ரை திவசம்."

"அப்பா, அந்த டொக்டர் புதன்கிழமை மட்டும்தான் வாறார். விட்டால் இன்னும் ரெண்டு கிழமை. அம்மா கோவிக்க மாட்டா."

அம்மா கோவிப்பாளோ மாட்டாளோ என்று இவளுக்கு எப்படித் தெரியும்? நாற்பத்தொரு வருஷம் அவளோடு இருந்தவன் நான்.

12 மார்ச்

இன்று பின்னேரத்திலிருந்து றெக்ஸுக்கு ஒன்றும் கொடுக்கக் கூடாது. வயிறு வெறுமையாக இருந்தால்தான் குழாய்க்குள்ளால் பார்க்கலாமாம். சோபனா அவனுடைய கோப்பையை எடுத்து அலுமாரிக்குள் வைத்தாள். அவன் அலுமாரிக்கு முன்னால் போய் இருந்து என்னைப் பார்த்தான். அதற்குப் பிறகு புத்தகத்தை வாசிக்க முடியவில்லை.

13 மார்ச், புதன்

எழுத வேண்டும். எழுதாவிட்டால் இவர்கள் சொல்வதுதான் நடந்ததாகிவிடும்.

விடிய எழும்பித் தலைக்குக் குளித்துச் சமைத்தேன். சோறு, பருப்பு, வாழைக்காய்க்கறி, எள்ளுருண்டை. அவளுடைய படத்துக்கு முன்னால் படைத்தேன். காகம் தின்னாமல் வீட்டில் ஒருவரும் சாப்பிடக் கூடாது. இந்த நாட்டில் காகம் இல்லை. முதல் வருஷம் வேலியில் வைத்தபோது மைனா கொத்தியது, கடற்பறவை வந்து இலையோடு இழுத்துக்கொண்டு போனது. "மாமா, காகத்துக்கு விசா கிடைக்கேல்லையாம்" என்றார் வசீகரன். அப்போதுதான் றெக்ஸ் வந்து நிலத்தில் சிந்தியதை ஒரு பருக்கை மிச்சம் விடாமல் நக்கித் தின்றான். அவள் போன அடுத்த மாதம் சோபனா என்னைக் கேளாமல் கொண்டுவந்த நாய் அது. ஒரு கிழமை நான் அவளோடும் கதைக்கவில்லை, நாயோடும் கதைக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அவன் தின்றபோது எனக்கு மனம் நிறைந்தது. அன்று தொட்டுக் காகத்தின் பங்கு அவனுக்கு.

இன்றைக்கு மட்டும் எப்படிக் கொடுக்காமல் விடுவது? அவளைப் பட்டினியாக அனுப்புவதா? ஒரு பிடிதான். அதற்குள் ஒரு எள்ளுருண்டை. சோபனா உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தாள்.

கிளென்ஃபீல்டில் தாதி கேட்டாள், கடைசியாக எப்போது சாப்பிட்டான் என்று. சோபனா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நேற்றுப் பின்னேரம் என்றேன். சாப்பாடு நேற்றுப் பின்னேரம்தான். இது படையல். சாப்பாடு அல்ல.

அப்படித்தான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு சமோவாக்காரர், என் வயதிருக்கும். அவருடைய நாய்க்குட்டி தூண்டில் முள்ளை இரையோடு விழுங்கிவிட்டது. அதே குழாய்க்குள்ளால் மெல்லிய குறடு ஒன்றை விட்டு முள்ளை எடுத்துவிட்டார்கள். சின்னப் போத்தலில் போட்டுக் கொடுத்ததை எனக்குக் காட்டினார். "வெட்டவே இல்லை!" என்று என் முழங்காலில் அடித்துச் சிரித்தார். குட்டி வாலை ஆட்டிக்கொண்டு அவருடன் நடந்து போனது.

பிறகு வைத்தியர் வந்தார். உயரமான மனிதர், நிதானமானவர். சோபனாவைப் பார்த்துத்தான் கதைத்தார். குழாயை விட்டுப் பார்த்தால் சோறு. சோறும் பருப்பும் எள்ளும். சுவரைப் பார்க்க முடியவில்லை, நிறுத்திவிட்டோம். மயக்கம் தெளிகிறபோது சத்தி எடுத்தான், கொஞ்சம் நெஞ்சுக்குள் போய்விட்டது, இங்கே வைத்திருக்க வேண்டும்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், கார் பாலத்தில் வரும்போது சோபனா சொன்னாள். ஒரு தரம்தான் சொன்னாள்.

"எனக்கு முன்னாலை நிண்டு பொய் சொன்னனீங்கள், அப்பா. அது உங்களை நம்பித்தான் படுத்தது."

14 மார்ச்

ஒட்சிசன் கொடுக்கிறார்களாம். வசீகரன்தான் சொன்னார். அவள் சொல்லவில்லை.

15 மார்ச்

அப்படியே.

17 மார்ச், ஞாயிறு

கோயிலுக்கு வரச்சொல்லி ரதிதேவி தொலைபேசியில் கூப்பிட்டா. பத்மாவதியின் சிநேகிதி. போகவில்லை. ஏன் தியாகு அண்ணை, சுகமில்லையோ என்றா. நாய்க்குச் சுகமில்லை என்றேன். சிரித்துவிட்டா. பிறகு, "ஐயோ, உண்மையாவோ?" என்றா. வைத்துவிட்டேன்.

20 மார்ச்

றெக்ஸ் வந்துவிட்டான். இருமல் இருக்கிறது. விலா எலும்பு தெரிகிறது. காரிலிருந்து இறங்கினவன் சோபனாவைத் தாண்டி நேரே என் அறைக்கு வந்தான். இவனுக்குக் கோபிக்கத் தெரியாது. அது எனக்குப் பெரிய தண்டனை என்று சோபனா நினைக்கிறாள் போலும். அப்படி ஒன்றுமில்லை.

3 ஏப்ரல், புதன்

இரண்டாம் முறை. நேற்றுப் பின்னேரத்திலிருந்து நானும் சாப்பிடவில்லை. விரதம் என்று சொன்னேன். இன்றைக்கு ஒரு விரதமும் இல்லை என்பது சோபனாவுக்குத் தெரியும். அவளும் தேத்தண்ணி குடிக்காமல் வெளிக்கிட்டாள்.

நான் பார்க்க வேண்டும் என்று கதவடியில் நின்றேன். வழக்கமில்லை என்றாள் தாதி. நான் நகரவில்லை. "அப்பா, அவையளின்ரை வேலையைச் செய்ய விடுங்கோ." நகரவில்லை. கடைசியில் வைத்தியரே வந்து மேலங்கி ஒன்றைத் தந்தார்.

கறுப்புக் குழாய், என் சுண்டுவிரல் தடிப்புத்தான். கைப்பிடியில் இரண்டு சில்லுகள்; அவற்றைத் திருப்பினால் உள்ளே நுனி மேலும் கீழும் பக்கவாட்டிலும் வளைகிறது. ஒளி ஒரு வழியால் போகிறது, காற்று ஒரு வழியால், தண்ணீர் ஒரு வழியால், குறடு ஒரு வழியால். இத்தனையும் அந்தத் தடிப்புக்குள். செய்தவன் கெட்டிக்காரன். காற்றை அடித்து வயிற்றை விரித்தால்தான் மடிப்புகளுக்கு இடையில் பார்க்கலாம் என்றார். எனக்கு உடனே விளங்கியது.

பிறகு, "பாருங்கள்" என்று கண்வைக்கும் இடத்தை என் பக்கம் பிடித்தார்.

இளஞ்சிவப்பு. ஈரமாக மினுங்குகிறது, மூச்சுக்கு அசைகிறது. இவ்வளவு வடிவாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. என் றெக்ஸுக்குள்ளே நான் நின்றேன் — வேறெப்படி எழுதுவதென்று தெரியவில்லை. அவர் சில்லைத் திருப்பினார். வயிறு முடிந்து குடல் தொடங்குகிற வாசலடியில் ஒரு குழி. சாம்பல் நிறம், ஓரம் தடித்துக் கிடந்தது, நடுவில் கறுப்பு இரத்தம். அது மட்டும் அசையவில்லை.

எனக்குப் பெயர் தெரியாது. பழுதான பாகம் எது என்று தெரியும்.

அந்த ஓரத்திலிருந்து குறட்டால் சின்னச் சின்னத் துணுக்குகள் எடுத்தார். அரிசிக் குறுணல் அளவு. பரிசோதனைக்குப் போகிறது. பின்னேரம் றெக்ஸ் எழுந்து நடந்தான். தையல் இல்லை. அந்தப் பெண் சொன்னது உண்மைதான்.

9 ஏப்ரல்

புற்றுநோய். சோபனா அடுப்படியில் தொலைபேசியை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வசீகரன் வானொலியை நிற்பாட்டினார்.

12 ஏப்ரல், வெள்ளி

வைத்தியரோடு கதைக்கப் போனோம். வெட்டி எடுக்க முடியாத இடம், பரவியிருக்கிறது. மருந்தால் கொஞ்ச நாள் வலியைக் குறைக்கலாம். பிறகு யோசிக்க வேண்டும் என்றார். என்ன யோசிக்க வேண்டும் என்பது எனக்கு விளங்கியது.

நான் கேட்டேன். முதல் தடவையே பார்த்திருந்தால்?

"வித்தியாசம் இருந்திராது. இது பல மாதமாக வளர்ந்தது."

எல்லோருக்கும் இப்படித்தான் சொல்வாரோ? அல்லது உண்மையோ? இருமி இருமி அவன் அங்கே தனியே கிடந்த கிழமைக்கு வித்தியாசம் இருந்திராதா? அதைக் கேட்கவில்லை. அதற்கு அவர் பதில் சொல்லவேண்டியவரல்லர்.

தூண்டில் முள் விழுங்கின குட்டியை நினைத்தேன். அதற்குள்ளே எடுக்கக்கூடிய ஒன்று இருந்தது.

21 ஏப்ரல், ஞாயிறு

சோபனா இன்று நேராகவே கேட்டாள். ஊசி போட்டு அனுப்புவோமா என்று.

முடியாது என்றேன். உயிரை எடுக்க எங்களுக்கு உரிமை இல்லை. அவன் தன் நேரத்துக்குப் போவான்.

"அவன் படுறபாட்டைப் பாருங்கோ. தண்ணிகூட நிக்குதில்லை. உங்களுக்கு எப்பவும் உங்கடை நியாயம்தான், அப்பா. ஆர் கிடந்து துடிச்சாலும் உங்கடை நியாயம்!"

"ஓம். அப்பிடித்தான். நான் செத்தாலும் அப்பிடித்தான்."

கதவைச் சாத்திக்கொண்டேன். றெக்ஸ் உள்ளேதான் இருந்தான். வாலை ஆட்டப் பார்த்தான், பாதியில் விட்டுவிட்டான்.

25 ஏப்ரல்

விடுமுறை. கடைகள் எல்லாம் பூட்டு. மழை. பஞ்சை நனைத்து றெக்ஸின் வாயில் வைத்தேன். விழுங்கவில்லை.

27 ஏப்ரல், சனி

முனகல். நூலகப் புத்தகத்தில் இதற்குப் பக்கம் இருக்கிறது. அதில் நான் புதிதாக வாசிக்க ஒன்றுமில்லை.

அந்தக் குழிதான் கண்ணுக்குள் நிற்கிறது. பார்த்திராவிட்டால் ஈரல் என்றே சொல்லிக்கொண்டிருந்திருப்பேன். இன்றைக்குத் தின்பான், நாளைக்குத் தின்பான் என்று கோப்பையை வைத்துக்கொண்டிருந்திருப்பேன். பார்த்தவன் அப்படிச் சொல்ல முடியாது.

பாவம் என்று ஒன்று இருந்தால் அது என் கணக்கில் போகட்டும். சோபனாவின் கணக்கில் வேண்டாம். அதற்காகத்தான் வைத்தியரை நானே கூப்பிட வேண்டும்.

29 ஏப்ரல், திங்கள்

லின்ஃபீல்ட் வைத்தியருக்கு நானே தொலைபேசி எடுத்தேன். அந்தச் சின்னப் பெண் வீட்டுக்கே வந்தாள். சோபனா வேலையிலிருந்து ஓடிவந்தாள். அவன் தலை என் மடியில். காலில் கொஞ்சம் மயிர் வழித்து அந்தப் பெண் ஊசி போட்டாள். மூச்சு நீளமாக ஒன்று. பிறகு இல்லை.

பின்வளவில் எலுமிச்சைக்குப் பக்கத்தில் அவனைப் புதைக்க வசீகரன் கிடங்கு வெட்டினார். ஈரக் களிமண். கொடுங்கோ மாமா, நான் வெட்டுறன் என்று என் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கினவர், வெட்டி முடியும்வரை ஒரு பகிடியும் விடவில்லை.

19 மே, ஞாயிறு

சோபனா என் அறையைக் கூட்ட வந்தாள். கட்டில் விரிப்பை உதறிவிட்டு வேக்குவம் கிளீனரைப் போட்டாள். கால்மாட்டுப் பக்கம் வந்ததும் நிற்பாட்டிவிட்டாள். கம்பளத்தில் மண்ணிற மயிர் ஒட்டிக் கிடந்தது, ஒரு நாய் சுருண்டு படுக்கிற அகலத்துக்கு.

பேப்பர் வாசிப்பதுபோல் இருந்தேன்.

"அப்பா, இந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்ச நாளைக்கு விடட்டோ?"

"விடு."

அவள் மெசினை வெளியே கொண்டுபோகவில்லை. வயரைச் சுற்றி வைத்துவிட்டு வந்து கட்டிலில் எனக்குப் பக்கத்தில் இருந்தாள். அடுப்பில் சோறு கிடக்கு, அடிப்பிடிக்கப்போகுது என்றேன். பிடிக்கட்டும் அப்பா என்றாள்.